காதோரத்து மஞ்சள்

உமாமகேஸ்வரி வீட்டில் மஞ்சள் கிடையாது. சிங்கப்பூர் தோ பாயோவில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டுச் சமையலறையில் சீரகம் இருக்கும், மிளகு இருக்கும், பெலாச்சான் என்கிற இறால் விழுதுகூட இருக்கும். மஞ்சள்தூள் மட்டும் இருக்காது. அவள் வைக்கிற சாம்பார், காய்ச்சலில் படுத்து எழுந்தவன் முகம் மாதிரி வெளுத்துக் கிடக்கும். "அக்கா, இது சாம்பாரா, கழனித் தண்ணியா?" என்று தங்கை மோகனப்பிரியா கேட்பாள். கேட்டுவிட்டு மூன்று கரண்டி ஊற்றிக்கொள்வாள், அது வேறு விஷயம்.

மஞ்சள்மேல் அவளுக்கு என்ன கோபம் என்றால், கோபம்தான். நம் பெண்களிடம் ஒரு விஞ்ஞானம் உண்டு. பச்சைக்குழந்தையின் முகத்தை நம்பக்கூடாது. பிறந்த புதிதில் எல்லாக் குழந்தையும் சிவப்பாகத்தான் இருக்கும். காதை மடக்கி ஓரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே என்ன நிறம் இருக்கிறதோ, அதுதான் வளர்ந்தபின் உடம்புக்கெல்லாம் வரும். உமா பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொரு தடவை அவள் காதை மடக்கிப் பார்த்துவிட்டு, "கறுக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு பலித்தும்விட்டது. அவள் அம்மா நல்ல மனுஷிதான், பாவம். மகளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அன்றிலிருந்து மஞ்சளும் பயத்தமாவும் குழைத்து அவளைத் தேய்க்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் உமாவின் வெள்ளைச் சட்டைக் கழுத்துப்பட்டி எப்போதும் மஞ்சளாக இருக்கும். கூடப் படித்த சீனப் பிள்ளைகள், உனக்கு மஞ்சள் காமாலையா என்று விசாரித்தார்கள். ஒருநாள் அவள் மஞ்சள் டப்பாவைத் தூக்கிக் குப்பைக் குழாயில் போட்டாள். ஒன்பது மாடியும் தடதடவென்று அது இறங்கிப் போன சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். அதோடு சரி. பிறகு மஞ்சள் அரைக்கிற, பூசுகிற, கரைக்கிற எந்த இடத்திலும் உமா நின்றதில்லை. விசேஷ வீட்டுக்குப் போனாலும் கூடத்தில் உட்கார்ந்துவிட்டுக் கூடத்திலிருந்தே திரும்பிவிடுவாள்.

இப்படிப்பட்டவள் பிழைப்புக்கு என்ன தேர்ந்தெடுத்தாள் தெரியுமா? வௌவாலின் தோல் நிறம்.

சிரிக்காதீர்கள், இது பெரிய படிப்பு. வௌவால் என்றால் இருட்டு, இருட்டில் நிறம் எதற்கு என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மத்திய அமெரிக்கக் காடுகளில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வெள்ளை வௌவால் இருக்கிறது. இலையைக் கூடாரம்போல மடித்து அதற்கடியில் கூட்டமாகத் தூங்கும். அதன் காதும் மூக்கும் எலுமிச்சைப்பழ மஞ்சள். குகையில் அடைந்து கிடக்கிற வௌவாலுக்கு இந்த அலங்காரம் கிடையாது. இலைக்கடியில், வெளிச்சம் கசிகிற இடத்தில் தூங்குகிற வௌவாலுக்குத்தான் உண்டு. அப்படியானால் பகல் வெளிச்சத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளத்தான் இந்த நிறம் வந்திருக்குமோ? தோலே பேச்சாக இருக்குமோ? உமா ஆண்டுக்கணக்காக மென்றுகொண்டிருந்த கேள்வி இதுதான்.

கேள்வி சோறு போடாது. பல்கலைக்கழகத்தில் அவள் வேலை ஒப்பந்த வேலை. ஒன்று முடிந்தால் இன்னொன்று, அதுவும் முடிந்தால் பேராசிரியர் டானின் அறைக்கு வெளியே நின்று இன்னொன்று. நாற்பத்தொரு வயதில் அவளுக்கு அலுத்துவிட்டது. துறையில் நிரந்தரப் பதவி ஒன்று காலியாகியிருந்தது. அது கிடைக்காவிட்டால் இந்த ஆண்டோடு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று டான் நாசூக்காகச் சொல்லியிருந்தார். அந்தப் பதவி அவளுக்கு வேண்டும். பசிக்கிறவனுக்குச் சோறு வேண்டியதுபோல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் லிட்டில் இந்தியாவில் மஞ்சள் காது அகப்பட்டது.

சிங்கப்பூரில் நாய்முக வௌவாலைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பழம் தின்கிற சின்ன வௌவால். ஈச்ச ஓலைக்கடியில் தொங்கும், பழைய கடைவீடுகளின் கூரைக்கடியில் தொங்கும், கீழே நிறுத்திய கார்மேலெல்லாம் எச்சம் போடும். அதன் காதோரம் வெள்ளையாக இருக்கும், நூல் வைத்துத் தைத்த மாதிரி. தோ பாயோவில் உமா பிடித்துப் பார்த்த எல்லாவற்றுக்கும் வெள்ளைதான். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், அடைத்துக் கிடந்த கடைவீட்டின் மாடி நீட்டத்துக்கடியில் தொங்கிய கூட்டத்துக்கு மட்டும் காதோரம் மஞ்சள். அவளும் அவளுடைய உதவியாளன் சேவியரும் பொழுது சாய்கிற நேரத்தில், அவை வெளியே பறக்கும்போது வலை கட்டிப் பிடித்தார்கள். தண்ணீரால் துடைத்தார்கள், நிறம் போகவில்லை. தோலைக் கிள்ளி எடுத்துச் சோதிக்க அனுமதி கிடையாது. ஆக, அது தோலின் நிறம்தான். நகரத்து விளக்கு ராத்திரியைப் பகலாக்கிவிட்டது, அந்த வெளிச்சத்தில் நம் ஊர் வௌவாலும் அமெரிக்க வௌவால்போலக் காதுக்கு நிறமேற்றத் தொடங்கிவிட்டது என்று உமா எழுதினாள்.

இது போதாதென்று இன்னொன்றும் நடந்தது. படம் எடுக்குமுன் காதைத் துடைக்கிற, காரத்தன்மை இல்லாத மருந்து சோப்பு ஒருநாள் தீர்ந்துபோனது. சேவியர் பக்கத்துக் கடைக்கு ஓடித் துணி சோப்புக் கட்டி ஒன்று வாங்கி வந்தான். உமா திட்டினாள், பிறகு ஒரு துளி கரைத்துப் பஞ்சால் தொட்டாள். தொட்ட இரண்டாவது நொடி வௌவாலின் காதோரம் சிவந்தது. நிஜமாகவே சிவந்தது! தண்ணீர் விட்டு அலசி விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய மஞ்சளுக்குத் திரும்பியது.

"மேடம், வெக்கப்படுது மேடம்!" என்று கத்தினான் சேவியர்.

ஒரு தடவை செய்ததை மறுதடவையும் அப்படியே செய்ய வேண்டும் என்பது அறிவியலின் சட்டம். ஆகவே அதே சோப்பு, அதே பஞ்சு. எல்லா மஞ்சள் காதும் சிவந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தோ பாயோ வௌவால்களையும் அதே சோப்பால் துடைத்தார்கள், ஒன்றுகூடச் சிவக்கவில்லை. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? பிடிபட்ட பயத்தில் நிறம் மாறிக் கூட்டத்துக்குச் சேதி சொல்கிற முதல் வௌவால். வெளிநாட்டுப் பெரிய அறிவியல் பத்திரிகை ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது, அச்சாவதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு முன்னால் அவள் பேச வேண்டும். டான் அவள் தோளைத் தட்டி, வெள்ளிக்கிழமை வெறும் சடங்குதான் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் புதன்கிழமைதான் மோகனப்பிரியா குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள்.

தலைப்பிள்ளை, தாய்வீட்டுக்குத்தான் வர வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் தாய்வீடு என்றால் உமாதான். தங்கையின் மாமியார் லட்சுமி காலையிலேயே போன் போட்டாள்.

"உமா, ஆரத்தி கரைச்சு ரெடியா வைம்மா. நாங்க டாக்ஸில ஏறிட்டோம். வாசல்ல வெச்சுக் காக்க வைக்காதே."

"எப்படிக் கரைக்கணும் ஆன்ட்டி?"

"ஏன்மா, அது தெரியாதா? நீ டாக்டருக்குப் படிச்ச பொண்ணு லா. தண்ணில மஞ்சத்தூளைப் போடு, ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போடு, நல்லாச் செவக்கும். அவ்வளவுதான்."

உமா முந்தின நாளே, எதற்கென்று கேட்காமல், தங்கை சொன்னபடி லிட்டில் இந்தியாவில் மஞ்சள்தூள் பாக்கெட்டும் வெற்றிலைச் சுண்ணாம்பும் வாங்கி வைத்திருந்தாள், தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆரத்தித் தட்டு அவளுக்குப் புதிதல்ல. எத்தனையோ வாசலில் சிவப்பாகப் பார்த்திருக்கிறாள். அது சிவப்பாவதைத்தான் பார்த்ததில்லை. குங்குமம் கரைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அதைக்கூட நினைத்தாளா என்பது சந்தேகம்தான்.

தட்டில் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சளைப் போட்டாள். விரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்துத் தண்ணீரில் விட்டுக் கலக்கினாள்.

தொட்ட இரண்டாவது நொடி சிவந்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். எத்தனை படம் எடுத்திருக்கிறாள், எத்தனை தரம் கருவி வைத்து அளந்திருக்கிறாள்! விரலைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருந்த துணி சோப்பைப் பார்த்தாள். சேவியர் வாங்கி வந்த அதே சோப்பு. மீதிக் கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒரு டம்ளரில் வெறும் மஞ்சள்தண்ணீரைக் கலந்து சோப்பைத் தேய்த்த விரலை அதில் விட்டாள். அதுவும் சிவந்தது.

"அக்கா! ஆரத்தி எங்க? லிஃப்ட் வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க!" என்று வாசலிலிருந்து மோகனப்பிரியா குரல் கொடுத்தாள்.

உமா தட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். லட்சுமி வாங்கிச் சுற்றினாள், விரலால் தொட்டுத் தாய்க்கும் பிள்ளைக்கும் நெற்றியில் வைத்தாள். பிறகு, தட்டைக் கீழே வைத்த கையோடு, குழந்தையின் காதை ஆள்காட்டி விரலால் மெல்ல மடக்கினாள். உமா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறை ஒன்றுதான் பாக்கி; வௌவாலின் காதை அவளும் அப்படித்தான் மடக்குவாள்.

"முகம் என்னவோ எம்மவன் ஜெய் மாதிரி செவப்புதான்," என்றாள் லட்சுமி. "காதோரம் கொஞ்சம் கறுப்பாத் தெரியுது. பாப்போம், பாப்போம்."

மோகனப்பிரியா அக்காவைப் பார்த்தாள். வழக்கமாக இந்தப் பேச்சுக்கு அக்கா நெருப்பாகிவிடுவாள். அன்றைக்கு அக்கா காதில் எதுவுமே விழவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் உமாவும் சேவியரும் அந்தச் சந்துக்குள் போனார்கள். பகலில் அவர்கள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. வௌவால் ஆராய்ச்சிக்காரர்கள் பகலில் வந்து என்ன செய்யப்போகிறார்கள்? அந்தி நேரத்தில் சந்து அமைதியாக இருக்கும். சுவரெல்லாம் குழாயும் ஏர்கான் பெட்டியுமாக, எது எந்த வீட்டுக்குழாய் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். இப்போது சந்தே கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. அடைத்துக் கிடந்த கடைவீட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு மசாலா மில். அதன் பின்சுவரிலிருந்து கிளம்பிய தகரக் குழாய் ஒன்று மேலே வளைந்து, மாடி நீட்டத்துக்கு நேர் கீழே வாயைத் திறந்துகொண்டிருந்தது. குழாய் வாயிலிருந்து லேசாக ஒரு புகை. வெயில் அதன்மேல் பட்டபோது தங்கமாக மின்னியது. அதற்கு மேலே, வௌவால்கள் தலைகீழாகத் தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தன. மேலே போகிற தூசி முதலில் எதைத் தொடும்? தலையை. உடம்பு முடியை வௌவால் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். தன் காதோரத்தைத் தானே எப்படி நக்கும்?

"ஐயோ," என்றான் சேவியர்.

மில்லின் சொந்தக்காரி சம்சுன்னிசா வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, இடுப்பில் கை. இவர்கள் இரண்டு பேரும் குழாயையே அண்ணாந்து பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன பாக்குறீங்க? எந்த டிபார்ட்மென்ட்?"

"டிபார்ட்மென்ட் எல்லாம் இல்ல அக்கா," என்றாள் உமா. "இன்னைக்கு என்ன அரைக்கிறீங்க? மஞ்சளா?"

"மஞ்சளா? அதெல்லாம் இல்ல. எங்க மில்லுல தூசியே வராது. ஃபில்டர் போட்டிருக்கு. இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டு ஓகேன்னு சொல்லிட்டுப் போனாரு." இவ்வளவும் சொன்ன சம்சுன்னிசாவின் இரண்டு புருவமும் மஞ்சள், கண்ணிமை மஞ்சள், முக்காட்டு ஓரம் மஞ்சள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பதைச் சேவியர் அன்றுதான் நேரில் பார்த்தான். சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்கமேல புகார் கொடுக்க வரல. நான் பாக்க வந்தது வௌவால."

"வௌவாலா?" சம்சுன்னிசா மூச்சு விட்டாள். "அதச் சொல்லக் கூடாதா! அது பாட்டுக்குக் கெடக்குது. மஞ்ச அரைக்கிற நாள்ல மட்டும் தும்மும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் வலையில் ஒரு வௌவால் விழுந்தது. உமா பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு அதன் காதோரத்தைத் தடவினாள். அம்மா அவள் கழுத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிய மஞ்சளை எடுக்க எண்ணெய்தான் வைப்பாள். கைக்கு அந்த ஞாபகம் இருந்திருக்கிறது, மூளைக்குத்தான் இல்லை. இரண்டு தடவலில் பஞ்சு மஞ்சளானது. காதோரம் வெள்ளையாக வந்தது, தோ பாயோ வௌவாலுக்கு இருப்பதுபோலவே, நூல் வைத்துத் தைத்த மாதிரி. வௌவால் அவளை ஒரு கடி கடிக்கப் பார்த்துவிட்டுப் பறந்து போனது.

இமைக் குற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். அவள் கதை அதுதான். மஞ்சளைத் தொடவே மாட்டேன் என்று இத்தனை காலம் கண்ணை மூடிக்கொண்டவளுக்கு மஞ்சள் எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

"எனக்காவது தெரியாது. நான் மஞ்சளத் தொட மாட்டேன்," என்று அவள் சேவியர்மேல் பாய்ந்தாள். "நீ தூத்துக்குடிக்காரன். சட்டைல மஞ்சக்கறை பட்டு சோப்புப் போட்டா செவக்கும்னு உனக்குமா தெரியாது?"

சேவியர் தலையைச் சொறிந்தான். "எங்க வீட்டுல துணியெல்லாம் அம்மாதான் தொவைப்பாங்க மேடம்."

இரண்டு பேரும் சந்து முனையில் ஆளுக்கொரு தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு நின்றார்கள். சேவியர் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நாளைக்குக் கமிட்டி முன்னால டாக் முடியட்டும். வேலை கன்ஃபர்ம் ஆகட்டும். அப்புறம் நாமளே திருத்தம் எழுதிப் போட்டுருவோம். யாரு கேக்கப் போறா? ரூம்ல இருக்கிற யாருக்கும் மஞ்சளும் தெரியாது, ஆரத்தியும் தெரியாது."

அவன் சொன்னதில் தப்பில்லை. நியாயமில்லை, ஆனால் கணக்குச் சரி. குழுவில் இருக்கிற ஐந்து பேரில் ஒருவர்கூடத் தமிழர் இல்லை. உமா அந்தக் கணக்கைத் தானும் போட்டுப் பார்த்தாள். ஒளிவு மறைவு எதற்கு, நன்றாகவே போட்டுப் பார்த்தாள். பதவி கிடைக்கும். அறைக் கதவில் பெயர்ப்பலகை வரும். டானின் அறை வாசலில் நிற்க வேண்டியிருக்காது. ஆனால் கட்டுரை அச்சாகும். படத்தைத் தமிழ்ப் பத்திரிகைக்காரன் கேட்டிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போடுவான். காலையில் காப்பியோடு பத்திரிகையைப் பிரிக்கிற முதல் பெண், மஞ்சள் காதையும் சிவந்த காதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பதெல்லாம் பழைய காலம். இது அந்தக் காப்பி ஆறுவதற்குள் உடையும்.

அதுகூடக் காரணமில்லை. ஊருக்குத் தெரியாமலே போனாலும், அந்த அறைக்குள் போய் உட்காரும்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு காதை மடக்கிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள்மேல் வாழ்நாள் முழுக்கக் கோபமாக இருந்தவள் அவள். இப்போது தானே மடக்கிப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறாள். அது பொய் என்றும் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தப் பெண்களாவது தேவலை. அவர்கள் நம்பித்தான் சொன்னார்கள்.

"சேவியர், உன் தே ஆறுது. குடி," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு எவர்சில்வர் தட்டு, தண்ணீர்ப் புட்டி, மஞ்சள்தூள் பாக்கெட், துணி சோப்பு, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். குழுவினர் திரையில் வௌவால் படத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் படத்தைப் போட்டாள். மஞ்சள் காது, சிவந்த காது. எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். பிறகு அவள் தட்டை மேசைமேல் வைத்து, தண்ணீர் ஊற்றி, மஞ்சளைக் கரைத்து, சோப்பைத் தேய்த்த விரலை அதில் விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. மீதி எல்லாம் விளக்கம்: மில், குழாய், எண்ணெய், வெள்ளைக் காதோரம். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகக் காலையிலேயே பத்திரிகைக்குத் தகவல் அனுப்பிவிட்டதையும் சொன்னாள்.

ஒருவர் தட்டை எட்டிப் பார்த்தார். இன்னொருவர், அப்படியானால் நகரத்து வெளிச்சம் பற்றிய உங்கள் கொள்கை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது," என்றாள் உமா. "சரியாகவும் இருக்கலாம். இந்த வௌவால் அதற்குச் சாட்சி இல்லை."

டான் அவளோடு கதவுவரை வந்தார். நல்ல மனிதர். பேச்சுக்கு முன்னால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தால் நீங்கள் பேச விட்டிருக்க மாட்டீர்கள் என்றாள் அவள்.

பதவி, கடல் நத்தைகளின் ஓடுகளை ஆராய்கிற ஒரு இளைஞனுக்குப் போனது. நத்தை ஓட்டில் யாரும் மஞ்சள் அரைப்பதில்லை, நல்ல துறை. சேவியரையும் அந்த இளைஞனே உதவிக்கு எடுத்துக்கொண்டான். உமாவுக்கு மட்டும் ஆண்டு முடிவோடு சரி என்று ஆயிற்று. சேதி வந்த அன்று அவள் லிட்டில் இந்தியாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். டோபி காட் நிலையத்தில் ரயில் மாறுவதற்காக நீளமான நகரும் படிக்கட்டில் நின்றபோது அழுகை வந்தது. கூட்டத்தில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வசதியாக இருந்தது. படிக்கட்டு மேலே போய்ச் சேரும்வரை நன்றாக அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் தோ பாயோ ரயிலில் ஏறினாள்.

குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாள் வந்தது. முப்பதாம் நாள். வீடு கொள்ளாத கூட்டம். சமையலை உமாவே பார்த்துக்கொண்டாள், ஆரத்திக்கு வாங்கிய மஞ்சள்தூள் பாக்கெட் பாதி அப்படியே இருந்தது. வீணாக்குவானேன் என்று சாம்பாரில் போட்டாள். மோகனப்பிரியா கரண்டியில் எடுத்துப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். கேலி எதுவும் செய்யவில்லை. அக்காவுக்கு வேலை போனதில் தங்கைக்குத்தான் ஆறவில்லை, "சொல்லாம இருந்திருக்கலாம்லக்கா, யாருக்கு என்ன நட்டம்?" என்று முதல் வாரம் முழுக்க அரற்றினாள்.

தொட்டிலில் குழந்தையைப் போட்டார்கள். பெயரை மூன்று தரம் காதில் சொல்ல வேண்டும். முதலில் சொல்ல வேண்டியவள் லட்சுமி. அவள் குனிந்தாள், குனிந்தவள் பெயரைச் சொல்வதற்குப் பதில் காதை மடக்கினாள். பின்னால் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? கறுத்துக்கிட்டு வருது பாரு. பெரியம்மா கலருதான் வரும் போல," என்றாள் லட்சுமி. "பரவால்ல, இப்ப இருந்தே மஞ்சளும் பயத்தமாவும் போட்டுக் குளிப்பாட்டுனா..."

மோகனப்பிரியாவின் முகம் சுருங்கியது. கூட்டத்தில் யாரோ, ஆமாம் ஆமாம் என்றார்கள்.

உமா சமையலறையிலிருந்து வந்தாள். விரலெல்லாம் மஞ்சள். தொட்டிலருகே போய் லட்சுமியின் கையை மெதுவாக எடுத்து விட்டாள். மடங்கிய காது தானாக நிமிர்ந்தது.

"ஆன்ட்டி, காதப் பாத்துச் சொன்னதுலதான் என் வேலையே போச்சு. அதுல ஒண்ணும் எழுதி வைக்கல," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "காது கேக்குறதுக்கு. பேரச் சொல்லுங்க."

லட்சுமிக்கு முகம் சிவந்தது. சோப்பு எதுவும் போடாமலேதான். நகர்ந்து நின்றாள். யாரும் முன்னால் வரவில்லை. மோகனப்பிரியா தொட்டிலின் மறுபக்கத்திலிருந்து, "நீயே சொல்லுக்கா," என்றாள்.

உமா குனிந்தாள். குழந்தையின் காது அவள் வாயருகே, வெற்றிலை நுனி அளவுக்கு, ஓரம் கறுப்பாகத்தான் இருந்தது.

"அனுப்ரியா," என்றாள்.

பாப்பா கண்ணைத் திறந்து, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது.